பொதுமக்கள் என்றால் ரோஸ்வித்தா

கிர்மையர் முதன்முதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது டாக்டரம்மா அவரிடம் ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னார்.

"முதல்ல செஞ்சு முடிங்க. ஓடுதான்னு பாருங்க. அப்புறம் வாங்க, விண்ணப்பம் போட்டுடலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

வருகிற எல்லாரிடமும் சொல்வதுதான். கேட்கிறவர்கள் பலமாகத் தலையாட்டிவிட்டு, கீழே போய்க் காரை எடுப்பதற்குள் மனைவிக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். கிர்மையர் அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் நான்கு வருடம் அதன்படி வாழ்ந்தார்.

டாக்டரம்மா என்றால் நாடி பிடித்துப் பார்க்கிறவர் அல்ல. வால்புர்கா ரைண்டல், வேதியியலில் டாக்டர், தொழிலில் காப்புரிமை வழக்கறிஞர். ஐரோப்பா முழுக்கக் காப்புரிமை தருகிற அலுவலகம் முனிக்கில் ஆற்றங்கரையில் இருப்பதால், கோயிலைச் சுற்றிப் பூக்கடை மாதிரி, அதைச் சுற்றி எங்கள் ஆட்கள். நான் டாக்டரம்மாவிடம் பயிற்சிக்கு இருப்பவன், பெயர் க்விரின். இயந்திரவியல் படித்தேன். எந்த இயந்திரத்தையும் தொடாமல் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் தொழில் ஒன்று உண்டு என்று தெரிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

கிர்மையர் பல் செட் செய்கிறவர். ஊரில் ஏகப்பட்ட வாய்களில் அவருடைய கைவேலை இருந்தது. ஆனால் செட்டை வாங்கிப் போவது பல் மருத்துவர் என்பதால், அந்த வாய்களில் ஒன்றுகூட அவரிடம் பேசியதில்லை. கல்யாணம் ஆகவில்லை. ரயில் பாதை ஓரத்தில் தோட்டச் சங்கம் வாடகைக்கு விடும் துண்டு நிலங்களில் ஒன்று அவருக்கு இருந்தது. அதில் கீரை போட்டார். முனிக்கில் கீரை போடுகிறவன் உண்மையில் வளர்ப்பது நத்தையைத்தான். முதுகில் ஓடு இல்லாத, விரல் தடிமனில் பழுப்பாக இருக்கும் நத்தை. மழை பெய்தால் வரும், இரவோடு இரவாகப் பாத்தியைக் காலி செய்துவிடும்.

அதற்குத்தான் அவர் வேலி கண்டுபிடித்தார். பாத்தியைச் சுற்றி ஒரு தகரப் பட்டை. அதன் உச்சியில் உதடு மாதிரி ஒரு மடிப்பு, மெல்லிய கீலில் ஆடிக்கொண்டிருக்கும். நத்தை ஏறி உதட்டுக்கு வந்ததும் அதன் எடைக்கே உதடு சாயும். நத்தையை வந்த பக்கமே இறக்கிவிட்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். மருந்து கிடையாது, மின்சாரம் கிடையாது. நத்தைக்கும் அவமானத்தைத் தவிர வேறு சேதம் கிடையாது.

இதைச் செய்து முடிக்க நான்கு வருடம் ஆனது. மடிப்பு ஒரு மழைக்குச் சரியாக இருந்தால் அடுத்த மழைக்குத் துரு பிடித்தது. அந்த நான்கு வருடமும் மூச்சு விடாமல் இருக்க வேண்டியிருந்ததால், பேச்சு வரும் இடங்களிலிருந்து அவர் ஒவ்வொன்றாக விலகினார். வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். பீர் உள்ளே போனால் வாய் திறந்துவிடும் என்று பயம். அது நாலு பேர் ஆடும் ஆட்டம். மற்ற மூன்று பேரும் கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டார்கள், பிறகு வேறொருவரைப் பிடித்துக்கொண்டார்கள். பாஸாவ் ஊரில் ஓர் அக்கா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "என்னடா பண்றே" என்பார். "ஒண்ணுமில்லக்கா" என்பார் இவர். ஒன்றுமில்லாததைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? அக்காவின் போன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்று ஆனது.

பாதையில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று தோட்டத்தின் செடிவேலியையும் வெட்டாமல் விட்டார். தோட்டச் சங்கத்தில் செடிவேலி நெஞ்சு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. சங்கம் எச்சரிக்கை அனுப்பியது. இவர் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார். செடி வளர்ந்தது.

கடைசியில் விண்ணப்பம் போட்ட அன்று டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனிமே தாராளமா பேசலாம்."

"யார்கிட்ட?" என்றார் கிர்மையர்.

டாக்டரம்மா அதைச் சட்டக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். "யார்கிட்ட வேணும்னாலும்."

ஐரோப்பா முழுக்க விண்ணப்பம் ஒன்றுதான், பரிசோதனையும் ஒன்றுதான். காப்புரிமை கிடைத்த பிறகு, எந்தெந்த நாட்டில் அது செல்ல வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். கிர்மையர் ஏழு நாடு எடுத்தார். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஹாலந்து, டென்மார்க், இத்தாலி.

"இத்தாலி எதுக்கு?" என்று கேட்டேன். "அங்க வெயில். நத்தை கம்மியாச்சே."

"வடக்குல இருக்குமாம். படிச்சேன்."

"போயிருக்கீங்களா?"

"எங்க? இந்த ஏழுல ஜெர்மனிக்கு மட்டும்தான் போயிருக்கேன்."

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. எங்களுக்குள் ஒத்துப்போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

வேறு எந்த நாட்டுக்கும் போகாத அந்த மனிதர் ஏழு நாட்டில் உரிமையாளர் ஆனார். ஆனால் காப்புரிமை கொடுத்த பிறகு ஒன்பது மாதத்துக்கு யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் போடலாம். ஆட்சேபம் ஜெயித்தால் ஒரே அடியில் எல்லா நாட்டிலும் போய்விடும். ஒன்பதாவது மாதம் முடிகிற வாரத்தில், நத்தை மருந்து விற்கிற கம்பெனி ஒன்று போட்டது. அவர்கள் சொன்னது எளிது. விண்ணப்பம் போடும் முன்பே இந்த வேலி பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்டது, ஆகவே இது புதிது அல்ல, ஆகவே காப்புரிமை செல்லாது.

"பாதையில போற எவனும் பார்த்திருக்கலாம்னு எழுதியிருக்கான்" என்றார் டாக்டரம்மா.

அதை நாங்கள் சுலபமாக உடைத்தோம். சங்கம் அனுப்பிய எச்சரிக்கைகளை எல்லாம் அடுக்கிக் கொடுத்தோம். எங்கள் கட்சிக்காரர் தொடர்ந்து விதி மீறிக்கொண்டிருந்தார், அவருடைய செடிவேலியைத் தாண்டி ஒட்டகச்சிவிங்கிகூடப் பார்த்திருக்க முடியாது என்று பெருமையாக எழுதினேன். ஒட்டகச்சிவிங்கியை டாக்டரம்மா அடித்துவிட்டார்.

இரண்டாவது குற்றச்சாட்டில் ஒரு பெயர் இருந்தது. ரோஸ்வித்தா விஸ்னர். அடுத்த துண்டு நிலத்துக்காரர், ஓய்வுபெற்ற நூலகர். விண்ணப்பத்துக்கு முந்தைய ஆகஸ்டில், ஒரு நாள் பிற்பகல், கிர்மையரின் தோட்டத்துக்குள்ளேயே இருந்து வேலியைப் பார்த்தாராம். சாட்சி சொல்ல வருவாராம்.

கிர்மையரைக் கூப்பிட்டுக் கேட்டோம். காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடவில்லை.

"யாரும் வரலன்னு சொன்னீங்களே" என்றார் டாக்டரம்மா.

"யாரும் வர்றதில்ல."

"இந்தம்மா?"

"வந்தாங்க. ஒரு தடவை." இன்னும் கலக்கினார். "டாட்ஷி கொண்டாந்தாங்க. வீட்டுல செஞ்சது."

ஆகஸ்ட் முடிகிற நேரத்தில் பிளம்ஸ் பழத்தைப் பிளந்து மாவின் மேல் அடுக்கி எல்லா வீட்டிலும் சுடுகிற கேக்தான் டாட்ஷி. அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு வருகிறவரை வெளியே நிறுத்த முடியாது.

"காட்டுனீங்களா?"

"காட்டினேன். ஒரு நத்தை ஏறிச்சு. விழுந்துச்சு. கைதட்டினாங்க."

"ஏன் சார்?" என்றேன். "நாலு வருஷம் கட்டிக் காத்துட்டு, ஏன்?"

"நாலு வருஷத்துல 'என்ன பண்றீங்க'ன்னு கேட்டு, பதில் சொல்ற வரைக்கும் நின்னது அவங்க ஒருத்தர்தான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைச் செய்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம். எங்கள் சட்டத்தில் பொதுமக்கள் என்றால் கூட்டம் தேவையில்லை. ரகசியம் காக்கும் கடமை இல்லாத ஒரே ஓர் ஆள் போதும், அவரே பொதுமக்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்தாலும் சரி. சொல்லியிருக்கலாம் என்பதே போதும்.

"வெளிய சொல்லாதீங்கன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. சொல்லணும்னு தோணல."

"ரைட்" என்றார் டாக்டரம்மா. "அப்ப ஒரே வழிதான். அவங்க உங்க சிநேகிதி. சிநேகிதங்கிட்ட காட்டினா, சொல்லாமலே அது ரகசியம். அப்படி வாதாடலாம். அவங்க உங்க சிநேகிதிதானே?"

கிர்மையர் கரண்டியைத் தட்டில் வைத்தார். "அதுக்கப்புறம் நான் அவங்களைப் பார்க்கல" என்றார். "காட்டிட்டமேன்னு பயமாயிடுச்சு. அவங்க வர்ற நேரமாப் பார்த்து உள்ள போயிடுவேன்."

சிநேகம் என்றால் என்ன என்று நிரூபிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய தீர்ப்புகளை எல்லாம் தோண்டினேன். கூட்டாளி, முதலாளி, மாமனார், எல்லாருக்கும் தீர்ப்பு இருந்தது. ஒருமுறை கேக் கொண்டுவந்த பக்கத்துத் தோட்டத்துக்காரிக்கு இல்லை. ஆறு பக்கம் எழுதினேன். தன் கையால் செய்த பண்டத்தை ஒருவர் இன்னொருவரைத் தேடி எடுத்து வருவது எங்கள் பகுதியில் நெருக்கத்தின் அடையாளம் என்பது அதன் சாரம். எழுதி முடித்து, என் அறைக்கதவை யார் கடைசியாக எதையாவது எடுத்துக்கொண்டு தட்டினார்கள் என்று யோசித்தேன். பார்சல்காரர். அதுவும் மாடி வீட்டுக்காரருக்கு வந்தது.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. மூன்று அதிகாரிகள், நடுவில் தலைவர். எதிர்ப்பக்கம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த வழக்கறிஞர் ஐஸெலே. கிர்மையர் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவே கோட்டுப் போட்டு, தலைக்குத் தண்ணீர் தடவி வாரி உட்கார்ந்திருந்தார். சாட்சி உள்ளே வந்தபோது எழுந்து நின்றார். வேறு யாரும் எழவில்லை. உட்கார்ந்துகொண்டார்.

ரோஸ்வித்தா சின்ன உருவம். உயரமான அலமாரிகளுக்கு நடுவே வேலை செய்த பழக்கத்தில் எல்லாரையும் அண்ணாந்து பார்த்தார். தலைவர் அவரிடம், உண்மையைச் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்றார். அவர் தலையாட்டினார். வேலி எப்படி வேலை செய்தது என்று கேட்டபோது கையை உதடு மாதிரி வைத்துச் சாய்த்துக் காட்டினார். எங்கள் விண்ணப்பத்தில் நான் இரண்டு பக்கம் எழுதியதைவிடத் தெளிவாக இருந்தது. அதுதான் சிக்கல்.

"இதைப் பத்திக் கம்பெனிக்காரங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று தலைவர் கேட்டார்.

"சங்கத்துக் கோடை விழாவுக்கு அவங்க ஆள் ஒருத்தர் வந்தார். மருந்து இல்லாம நத்தையை நிறுத்தவே முடியாதுன்னார். 'ஏன் முடியாது, எங்க கிர்மையர் சார் செஞ்சிருக்கார், நானே ரெண்டு வருஷம் முன்னால பார்த்தேன்'னேன். அந்தாள் ரொம்ப அக்கறையாக் கேட்டுக்கிட்டார்."

ஐஸெலே தன் காகிதங்களைச் சரிசெய்துகொண்டார். கிர்மையர் 'எங்க' என்ற சொல்லில் நின்றுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. உதடு லேசாக அசைந்தது.

ஐஸெலேயின் முறை வந்தது. நல்ல மனிதர் மாதிரியான குரல் அவருக்கு.

"கிர்மையர் சார் வீட்டுக்குப் போயிருக்கீங்களாம்மா?"

"இல்ல."

"அவர் உங்க வீட்டுக்கு?"

"இல்ல."

"அவர் பிறந்தநாள் எப்பன்னு தெரியுமா?"

"தெரியாது. வசந்த காலமா இருக்கும். அப்படித்தான் இருக்கார்."

மூன்று அதிகாரிகளில் ஒருவர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்.

"அந்த ஆகஸ்டுக்கு அப்புறம் எத்தனை தடவை பேசியிருப்பீங்க?"

"பேசலிங்க." முதல்முறையாக இந்தப் பக்கம் பார்த்தார். "டாட்ஷி பிடிக்கல போலன்னு நினைச்சேன்."

கிர்மையர் வாயைத் திறந்தார். டாக்டரம்மா அவர் கையின் மேல் கை வைத்தார். கட்சிக்காரர் சாட்சியிடம் பேசக் கூடாது.

"அந்த டாட்ஷி" என்றார் ஐஸெலே. என் ஆறு பக்கத்தையும் அவர் படித்திருந்தார். "கிர்மையர் சாருக்காகவே செஞ்சதா?"

ரோஸ்வித்தா யோசித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"அந்த வருஷம் பிளம்ஸ் ரொம்பக் காய்ச்சிருந்துச்சு. மூணு தட்டு சுட்டேன். எங்க பாதையில இருக்கற எல்லாருக்கும் கொடுத்தேன்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

"நன்றி. வேற கேள்வி இல்ல."

நான் கிர்மையரைப் பார்க்காமல் இருக்க என் பேனாவைப் பார்த்தேன். டாக்டரம்மா எழுந்து, அவரைச் சிநேகிதராக நினைத்தீர்களா என்று நேரடியாகவே கேட்டார். ரோஸ்வித்தா, "நினைச்சிருப்பேன். அவர் நினைச்சாரான்னு தெரியாதே, அதை நான் எப்படிச் சொல்றது" என்றார். நேர்மையான பதில். உதவாத பதிலும்கூட.

மூவரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். எல்லாரும் நின்றோம். காப்புரிமை ரத்து என்று தலைவர் படித்தார். காரணம் சுருக்கமாகச் சொன்னார். சாட்சிக்கும் உரிமையாளருக்கும் இடையே நம்பிக்கைக்குரிய உறவு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, அவர் பொதுமக்களில் ஒருவர். குரலில் குரோதம் இல்லை. தெரிந்ததைத்தான் சொன்னார்கள்.

கிர்மையர் நன்றி சொல்லி மூன்று பேருக்கும் கைகொடுத்தார், ஐஸெலேக்கும் கொடுத்தார். பிறகு படிக்கட்டில் தனியாக இறங்கிப் போய்விட்டார். டாக்டரம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நான் கோட்டு மாட்டும் இடத்துக்கு வந்தபோது ரோஸ்வித்தா அங்கே நின்றுகொண்டிருந்தார். தீர்ப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

"தோத்துட்டாரா தம்பி?"

"ஏழு நாட்டுலயும்."

"நான் சொன்னதாலயா?"

"நீங்க பொதுமக்களா இருக்கறதால" என்றேன். அதைவிட மென்மையாகச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

கோட்டின் கையைத் தேடிக்கொண்டே பேசினார். "எல்லாருக்கும் கொடுத்தேன்தான். மத்தவங்க எல்லாம் கேட்லயே நின்னு வாங்கிக்கிட்டு, தட்டைக் கழுவித் தர்றேன்னாங்க. இவர் மட்டும்தான் உள்ள வாங்கன்னு கூப்பிட்டார். மழை வந்துச்சு. கொட்டகையில உட்கார்ந்து அரை நாள் பேசிட்டிருந்தோம். பல்லைப் பத்தி, புஸ்தகத்தைப் பத்தி. காட்டும்போது அவருக்குக் கை நடுங்குச்சு. இதைப் போய் ஊர்ல சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? காப்புரிமை வாங்கிட்டார்னு சங்கத்துல சொன்னப்புறம்தான் வாயைத் திறந்தேன்."

"இதை ஏம்மா உள்ள சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

இந்த ஊரில் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார்கள். கேட்காததைச் சொல்வது அத்துமீறல்.

இரண்டு நாள் கழித்து, கிர்மையரும் வந்திருந்த நேரத்தில் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இது போதும்யா! அப்பீல் போடுவோம். தாமதமா வந்த சாட்சியம்னு முறைப்பானுங்க, போராடிப் பார்க்கலாம். அப்பீல் நடக்கிற வரைக்கும் ரத்தும் அமலுக்கு வராது. கிர்மையர் சார், ஒரே ஒரு வேலை. நீங்க அவங்களைப் போய்ப் பாருங்க. நாங்க சிநேகிதங்கதான்னு எழுதித் தருவாங்களான்னு கேளுங்க."

கிர்மையர் என்னைப் பார்த்தார். "அரை நாள்னா சொன்னாங்க?"

"அரை நாள்னுதான்."

"மூணு மணி நேரம் இருக்கும்" என்றார். பிறகு, "கை நடுங்குனதைப் பார்த்தாங்களா" என்று தனக்குத்தானே சொன்னார்.

"கேக்கறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"கேட்டா தருவாங்க. அதான் வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"நான் போய் அவங்க கதவைத் தட்டறது முதல் தடவை. அதை இதுக்காகத் தட்டினா, அப்புறம் எதுக்குத் தட்டினாலும் இதுக்காகன்னுதான் இருக்கும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நாலு வருஷ உழைப்பு, சார். விட்டா அந்த மருந்துக் கம்பெனிக்காரனே நாளைக்கு உங்க வேலியைச் செஞ்சு விப்பான். ஏழு நாட்டுல."

"விக்கட்டும். இங்க ஒரு பாத்திக்கு நான் போட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. பெரிய மனசுக்காரர் மாதிரி இல்லை. பல்லைப் பிடுங்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி இருந்தார். உள்ளே இருந்த ஒரே நல்ல பல்.

எழுத்துத் தீர்ப்பு வந்தது. அப்பீலுக்கு இரண்டு மாத அவகாசம். கடைசி நாளன்று கட்சிக்காரரை ஒருமுறை கேட்டு உறுதிசெய்வது எங்கள் வழக்கம். டாக்டரம்மா ஓர் இனிப்பு மிட்டாய்க் கம்பெனி வழக்குக்காக ஹாலந்தில் ஹேக் நகருக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் நான் மட்டும். மதியம் போன் போட்டேன். நிறைய நேரம் அடித்தபிறகு தோட்டத்திலிருந்து எடுத்தார்.

"சார், இன்னைக்குத்தான் கடைசி. அப்பீல் வேண்டாம்தானே?"

"வேண்டாம் க்விரின்."

"நிச்சயமா? சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

"நிச்சயமா."

அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரத்தைக் கீழே வைப்பது போல ஒரு சத்தம். பூனையாகவும் இருக்கலாம். அவரிடம் பூனை இல்லை, ஆனால் பூனை யார் தோட்டத்துக்கும் வரும். ஒரு சத்தத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

அவரோடு போன் பேசினால் வைப்பது எப்போதும் நானாகத்தான் இருக்கும். விஷயம் முடிந்த பிறகும் அவர் மழை, ரயில் தாமதம், பல் பீங்கானின் விலை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார். "சரி சார், இன்னொரு லைன் வருது" என்று நான் பொய் சொல்லி வைப்பேன். அன்றைக்கு எனக்கு அவசரம் எதுவும் இல்லை. மழை எப்படி இருக்கிறது என்று நானே கேட்டேன்.

"பெய்யுது" என்றார். "சரிப்பா, வெக்கட்டுமா? கொஞ்சம் வேலை இருக்கு."

வைத்துவிட்டார். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கோப்பின் மேல் 'முடிந்தது' என்று எழுதி, ஏழு நாட்டையும் ஒவ்வொன்றாக அடித்தேன்.